வண்டியின் உள்ளறையும் ஒலிபெருக்கியும்

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதி வழியாக மேற்கு நோக்கிச் செல்வோர் சில மைல் தொலைவில் நெளுக்குளத்தை அடைவர். குளத்தின் பெயரே ஊரின் பெயராக நிலைத்துவிடுவது வன்னியில் புதுமையன்று. தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றும் அவ்வூரில் உண்டு. பிரதான வீதி தாரிட்ட வீதி. ஆனால் அதிலிருந்து விலகி உட்கிராமங்களை நோக்கித் திரும்பினால் செம்மண்ணும் கிரவலும் கலந்த பாதைகளே எதிர்ப்படும். கோடையில் அப்பாதைகள் புழுதியைக் கிளப்பும். மாரியில் சேறாகிச் சில்லுகளைப் பிடித்து நிறுத்தும். இவ்விரண்டுக்கும் ஈடு கொடுப்பவை உழவு இயந்திரமும், நான்கு சில்லுகளையும் எந்திரமே உந்திச் செலுத்தும் ஜீப் வகை வண்டியுமே.

அத்தகைய வண்டியின் எந்திரத்தைப் பற்றியும் சில்லைப் பற்றியும் பேசுவோர் பலர். அதன் உள்ளறையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். பின்புறத்தில் இருப்பது வெறும் தகரப் பெட்டிதானே, எதையும் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணமே பொதுவாக நிலவுகிறது. போட்டவை போட்ட இடத்தில் இருக்கின்றனவா என்பது முதலாவது மேடுபள்ளத்தில் தெரிந்துவிடும்.

அப்படியொரு வண்டியின் உரிமையாளர் தச்சுப் பட்டறைக்கு வந்து, உட்புறத்துக்குப் பலகை அடித்து, இரண்டு ஒலிபெருக்கிகளையும் பொருத்தித் தருமாறு கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய பேச்சு முழுவதும் ஒலிபெருக்கியின் பருமனைப் பற்றியே இருக்கும். அனுபவமுள்ள தச்சர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றைக் கேட்பார்: “ஐயா, இதற்குள் என்னென்ன ஏற்றப் போகிறீர்கள்?” இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் முன்னர் பலகையில் வாளை வைக்கலாகாது. எண்ணெய்க் கலன், உபரிச் சில்லு, தூக்கி, மண்வெட்டி, கயிறு, குடிநீர், மருந்துப் பெட்டி, விதை நெல் என்று ஒவ்வொன்றாக நிலத்தில் இறக்கி வைத்து, நிறுத்துப் பார்த்து, எது நாள்தோறும் வேண்டும், எது ஆண்டுக்கொரு முறை வேண்டும் என்று பிரித்த பின்னரே உள்ளறையின் அமைப்பு மனத்தில் உருவாகும்.

இவ்வகை வண்டியின் வரலாறும் இங்கே சிறிது பயன்படும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய ஜீப் 1941 முதல் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. கால் தொன் வண்டி என்பதே அதற்குப் படையினர் இட்ட வகைப்பெயர். அவ்வளவுதான் அது சுமக்க வேண்டும் என்று கணக்கிட்டிருந்தனர். போர் முடிந்த பின் இங்கிலாந்தின் றோவர் கம்பனியில் பொறியியலாளராக இருந்த மொறிஸ் வில்க்ஸ் என்பவர் தம் பண்ணையில் பழைய ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதற்கு மாற்றாக எதைச் செய்யலாம் என்ற சிந்தனையிலிருந்து பிறந்ததே லாண்ட் றோவர். அது 1948 ஏப்பிரல் 30 ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்தது. அக்காலத்தில் அந்நாட்டில் உருக்குக்குத் தட்டுப்பாடு. ஆகவே வண்டியின் மேனியை அலுமினியக் கலப்புத் தகட்டாற் செய்தனர். வளைவு நெளிவு இல்லாத தட்டையான தகடுகள், சதுரமான சில்லுப் பெட்டிகள் என்று அமைந்த அந்த உடல், பலகை அடிப்பவனுக்கு வரமாகவே அமைந்துவிட்டது. பிற்காலத்தில் தொண்டு நிறுவனங்கள் பெரிதும் விரும்பிய ரொயோட்டா லாண்ட் குறூசரின் 70 ஆம் வரிசை 1984 இல் தொடங்கியது. அதன் நீண்ட உடலமைப்பிலும் இருபுறமும் நீள்வாங்கு இட்டு நடுவே சுமை வைக்கும் பழைய முறை தொடர்ந்தது.

வன்னியில் இந்த உள்ளறைகள் சுமந்தவை சாமானியமானவை அல்ல. மலேரியா மிகுந்த பகுதிகளுக்கு நடமாடும் மருத்துவ நிலையங்களை அனுப்பி, நோயாளரை அவர்கள் இருந்த இடத்திலேயே கண்டறிந்து மருந்து கொடுத்தமை, இலங்கை அந்நோயை வென்றதற்குரிய காரணங்களில் ஒன்று. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. 2002 முதல் ஹலோ டிரஸ்ட், மாக் ஆகிய நிறுவனங்கள் வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணியைத் தொடங்கின. அப்பணியிடங்களில் காயமடைந்தவரை ஏற்றிச் செல்ல வண்டி ஒன்று ஆயத்தமாக நிற்பது பணியின் விதியே. அங்கே தூக்குப்படுக்கையைத் தளத்தோடு பிணைக்கும் பூட்டு ஒன்று தளர்ந்திருந்தால், அதன் விலை மரப்பலகையின் விலையன்று.

பூட்டுத் தளர்வதனால் வரும் ஆபத்தைக் கணக்காகவே சொல்லிவிடலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு பாலை மரத்தில் மோதி அரை மீற்றர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று கொள்க. அந்தக் கணத்தில் வண்டியிலுள்ள ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு விசையுடன் முன்னோக்கிப் பாய முயலும். இருபது கிலோ எடையுள்ள கருவிப் பெட்டி நானூறு கிலோ பாரமாக மாறும். அதன் பாதையில் இருப்பது சாரதியின் பிடரி. விலையுயர்ந்த ஒலிபெருக்கியை எட்டு ஆணி கொண்டு இறுக்கிவிட்டு, தூக்கியையும் சங்கிலியையும் தளத்தில் உருளவிட்டுப் பயணம் செய்வோர் இன்றும் உளர். இதை அறியாமை என்பதை விட அசட்டை என்பதே பொருந்தும்.

ஆதலால் சுமையைக் கட்டும் வளையங்களே உள்ளறை வேலையின் முதற்படி. வளையத்தைப் பலகையில் மட்டும் பொருத்துவது வீண் வேலை. இழுவை வரும்போது பலகையையும் பிய்த்துக்கொண்டு அது வெளியே வந்துவிடும். பலகையையும் அதன் கீழுள்ள உருக்குத் தளத்தையும் ஊடுருவி ஆணி இறங்க வேண்டும். அடியில் அகன்ற தகடு ஒன்றை வைத்து அதன்மேல் சுரையை முடுக்க வேண்டும். இருக்கைகளுக்கென வண்டியைச் செய்தவர்களே விட்டுள்ள மரையிட்ட துளைகள் இருந்தால் அவற்றைப் பயன்படுத்துவது இன்னும் நன்று. புதிய துளை இடவேண்டி வரின், துளைகருவியைக் கையில் எடுக்குமுன் வண்டிக்கு அடியில் படுத்து மேல்நோக்கிப் பார்த்துவிட வேண்டும். எண்ணெய்த் தாங்கியும், தடுப்புக்குச் செல்லும் மெல்லிய குழாயும், மின்கம்பிகளும் அங்கேதான் ஓடுகின்றன. மேலிருந்து பார்ப்பவனுக்குத் தளம் வெறும் தளமாகவே தோன்றும்.

சுமையை வைக்கும் இடமும் முக்கியம். பாரமானவை தாழ்வாகவும், பின் அச்சுக்கு முன்னாகவும் அமைய வேண்டும். கூரைக்கு அருகில் பாரத்தை ஏற்றினால் குளக்கட்டின் சரிவில் வண்டி சாயும் எல்லை குறைந்துவிடும். பின்கதவில் பாரத்தைத் தொங்கவிட்டால் முன்சில்லுகளின் பிடி தளரும். சேற்றில் அது உடனே தெரியும்.

இனி மரம். வன்னியிற் பிறந்த தச்சருக்கு முதிரையின்மீது உள்ள பற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்குக் கதவும் நிலையும் செய்ய முதிரைக்கு நிகர் முதிரையே. எனினும் வண்டியின் உள்ளே அது பொருந்தாது. எட்டு அடி நீளமும் நாலு அடி அகலமும் பன்னிரண்டு மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள ஒட்டுப்பலகை ஒன்று ஏறத்தாழ இருபது கிலோ நிறுக்கும். அதே அளவு முதிரைப் பலகை முப்பது கிலோவைத் தாண்டிவிடும். பாலை மரமோ நீரில் தாழும் அளவுக்குக் கனமானது. மூன்று பலகை அளவு வேலையில் முதிரையை எடுத்தால், ஏறக்குறைய ஒரு நெல் மூட்டையின் பாரத்தை ஒரு பயனுமின்றி ஆண்டு முழுவதும் சுமக்க நேரும். அன்றியும் தனிமரப் பலகை ஈரத்திற் பருத்து வெயிலில் சுருங்கும். கோடைக்கும் மாரிக்கும் இடையே இறுக்கிய ஆணிகள் தளரும். குறுக்கும் நெடுக்குமாகப் படலங்களை ஒட்டிச் செய்த பலகைக்கு அந்தக் குறை மிகக் குறைவு. ஆனால் அதற்கும் ஓர் உயிர்நிலை உண்டு, வெட்டிய விளிம்பு. விளிம்பு வழியாக நீர் ஏறினால் படலங்கள் பிரிந்துவிடும். வெட்டியவுடன் விளிம்பிலும் ஒவ்வோர் ஆணித் துளையிலும் வார்னிஷோ தீந்தையோ இரண்டு முறை பூசாமல் விட்ட வேலை ஒரு மாரிக்குமேல் நில்லாது.

முதிரை அடியோடு வேண்டாம் என்பதன்று. பலகையின் அடியில் விளிம்புச் சட்டமாக, இழுவை வரும் மூலைகளில் சிறு கட்டையாக அதை வைத்தால் ஆணியை விடாது பிடிக்கும். மரத்தை அறிந்தவன் அதைக் குறைவாகவே செலவிடுவான்.

அளவெடுப்பதில் அளவுநாடாவை மட்டும் நம்பியவர்கள் பலகையை வீணாக்கியதுண்டு. வண்டியின் பக்கச் சுவர் நேராகத் தோன்றினாலும் நேரன்று. சில்லின் மேல்வளைவு இடத்துக்கும் வலத்துக்கும் சிறிது வேறுபடும். கடையில் கிடைக்கும் தடித்த அட்டையை வெட்டி, பொருத்திப் பார்த்து, மீண்டும் வெட்டி, அட்டை சரியாக அமைந்த பின்னர் அதைப் பலகையின்மீது வைத்து வரைவதே வழி. பலகைக்கும் தகட்டுக்கும் இடையே மூன்று நான்கு மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, அதில் றப்பர்ப் பட்டை வைத்தல் வேண்டும். முட்டிக்கொண்டு நிற்கும் பலகை ஓயாது கிறீச்சிடும். பின்விளக்குக்கும், எண்ணெய்த் தாங்கியின் மேல்மூடிக்கும், தூக்கி வைக்கும் இடத்துக்கும் எதிரே உள்ள பலகைகள் தனித்தனியாகக் கழற்றத்தக்கனவாக இருக்க வேண்டும். விளக்குக் குமிழ் ஒன்றை மாற்றுவதற்காக உள்ளறை முழுவதையும் பிரிக்க நேர்ந்தவர், அதைச் செய்த தச்சரை எந்தச் சொல்லால் நினைப்பார் என்பதை இங்கே சொல்ல வேண்டுவதில்லை.

அலுமினியத் தகட்டு வண்டியாயின் மற்றொரு கவனம் தேவை. அலுமினியமும் உருக்கும் ஈரத்தில் நேரே தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாக உதிரும். பழைய லாண்ட் றோவர்களில் உருக்குச் சட்டத்தைத் தொடும் இடங்களில் இதைக் காணலாம். முல்லைத்தீவுக் கரையின் உப்புக்காற்று இதை விரைவுபடுத்தும். ஆணியின் தலைக்கும் தகட்டுக்கும் இடையே றப்பரோ நைலோன் வளையமோ வைத்து, துளையின் விளிம்புக்குத் தீந்தை பூசிவிட்டால் இந்த நோய் வாராது.

வன்னிப் புழுதியின் குணம் விசித்திரமானது. வண்டி முன்னோக்கி ஓடும்போது புழுதி பின்புறமாகவே உள்ளே நுழைகிறது. பெட்டி வடிவமான வண்டியின் பின்னே காற்றழுத்தம் குறைந்துபோவதால், சில்லுகள் கிளப்பிய தூசி அங்கே சுழன்று, பின்கதவின் இடுக்குகளால் உறிஞ்சப்படுகிறது. பின்கண்ணாடியைத் திறந்து விடுவோர் புழுதிக்கு வாயிலையே திறந்துவிடுகின்றனர். பின்பக்கம் முழுவதையும் றப்பர் வைத்து அடைத்து, முன்புறக் காற்றுவழியைத் திறந்து வைத்தால், உள்ளே அழுத்தம் சற்று மிகுந்து தூசி வெளியே தங்கும். மருந்தையோ ஒலிபெருக்கியையோ உள்ளே வைத்திருப்பவர்களுக்கு இச்சிறு உபாயம் பெரும் பயன் தரும்.

ஒலிபெருக்கிக்கு வரலாம். காந்தத்தின் இடையே கம்பிச் சுருள் அசைந்து, அதனோடு ஒட்டிய காகிதச் சவ்வை அசைக்கும் இன்றைய அமைப்பை அமெரிக்க நாட்டினரான ரைசும் கெலொக்கும் 1925 இல் வெளியிட்டனர். கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியதும் அதே ஆண்டு டிசெம்பரில்தான் என்பது ஓர் இனிய பொருத்தம். அந்தச் சவ்வு முன்னே தள்ளும்போது முன்புறக் காற்று நெருங்கும். அதே வேளையில் பின்புறக் காற்று தளரும். வெறுமையாகக் கையிற் பிடித்த ஒலிபெருக்கியில் இவ்விரு அலைகளும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். தாழ்ந்த சுரங்களின் அலை நீளமானது. நொடிக்கு நூறு முறை அதிரும் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே தாழ்ந்த சுரங்களே முதலில் மறைகின்றன. மிருதங்கத்தின் இடந்தலை கேளாமற் போய், வலந்தலை மட்டும் தகரம்போல ஒலிக்கிறது. முன்னையும் பின்னையும் பிரிக்கும் பலகையோ, மூடிய பெட்டியோ இருந்தால்தான் ஒலி முழுமை பெறும்.

வண்டியின் கதவு இயல்பாகவே ஒரு பெட்டி. ஆனால் மெல்லிய தகட்டில் நேரே பொருத்திய ஒலிபெருக்கி தகட்டையும் சேர்த்துப் பாடவைக்கும். பன்னிரண்டு மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் வளையம் ஒன்று வெட்டி, அதைத் தகட்டோடு பிணைத்து, வளையத்தின்மீது ஒலிபெருக்கியை வைத்து, சுற்றிலும் மெல்லிய றப்பர் இட்டு இறுக்குவதே சரியான முறை. தகட்டின் உட்புறத்தில் தார்ப்படலம் ஒட்டினால் அதன் அதிர்வு அடங்கும். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை, நடுப்பகுதியில் ஒட்டினாலே பெரும்பங்கு அடங்கிவிடும். கதவினுள் மழைநீர் வடிவது இயற்கை. அதனால் ஒலிபெருக்கியின் பின்புறத்துக்கு மேலே சிறு கூரைபோல றப்பர்த் தகடு வைத்தல் வேண்டும்; அடியிலுள்ள நீர்வடி துளைகளை அடைத்துவிடலாகாது. கண்ணாடி முழுவதும் கீழிறங்கும்போது காந்தத்தில் முட்டுகிறதா என்பதைத் துளை வெட்டுமுன் பார்ப்பது அறிவு. வெட்டிய பின் பார்ப்பது வழக்கம்.

பின்புறப் பக்கப்பலகையில் பெட்டியாகச் செய்வதாயின், சில்லுப் பெட்டிக்குப் பின்னேயுள்ள மூலை வீணாகக் கிடக்கும் இடம், அதைப் பயன்படுத்தலாம். பெட்டி காற்றுப் புகாது மூடியிருக்க வேண்டும். உள்ளே தும்போ இலவம் பஞ்சோ தளர்வாக நிரப்பினால் எதிரொலி அடங்கும். அவை எளிதில் தீப்பற்றுபவை. ஆகவே சூடேறும் ஒலிமிகைப்பியை அப்பெட்டிக்குள் வைத்தல் ஆகாது. ஒலிபெருக்கியின் முகத்துக்கு உருக்கு வலை கட்டாயம். மண்வெட்டிப் பிடிக்குக் காகிதச் சவ்வு எது, பலகை எது என்று தெரியாது.

இவ்வளவும் சங்கீதம் கேட்பதற்கு. ஊராருக்குச் செய்தி சொல்வதற்கு வேறு கருவி வேண்டும். 2018 டிசெம்பரின் பிற்பகுதியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருமழை பெய்து, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெள்ளத்தால் இடம்பெயர்ந்தன. அத்தகைய இரவில் மின்சாரம் இராது. தொலைபேசிக் கோபுரமும் ஓய்ந்திருக்கலாம். தாழ்நிலத்தில் உறங்குவோரை எழுப்பக் கூடியது பாதையில் மெல்ல ஊர்ந்து செல்லும் வண்டியின் குரலே.

அக்குரலுக்குத் தாழ்ந்த சுரம் தேவையில்லை. மனிதப் பேச்சைப் புரிந்துகொள்வதற்கு நொடிக்கு முந்நூறு முதல் மூவாயிரத்துச் சில்லறை அதிர்வுகள் வரையுள்ள ஒலியே போதும். தொலைபேசி அதைக் கொண்டுதான் பேசுகிறது. இந்த எல்லையில் கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்கு இணையில்லை. ஒரே மின்வலுவில் அது சாதாரணக் காகிதச் சவ்வு ஒலிபெருக்கியை விடப் பதினைந்து டெசிபெல் அளவு மிகுந்த ஓசை தர வல்லது. வேறு சொற்களிற் கூறின், கூம்புக்கு இரண்டு வாட் கொடுப்பதும் மற்றதற்கு அறுபது வாட் கொடுப்பதும் ஏறக்குறைய ஒன்றே. 1919 செப்ரெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சான் டியேகோ நகரில் ஐம்பதினாயிரம் பேர் கொண்ட கூட்டத்துக்கு உரையாற்றியபோது, அவர் குரலைச் சுமந்தவையும் கொம்பு பொருத்திய ஒலிபெருக்கிகளே. பெரும்பருமனுள்ள ஒலிபெருக்கியைப் பின்னறையில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டு அறிவித்தல் செய்வோர், அண்மையில் நிற்பவரின் நெஞ்சை அதிரவைக்கின்றனர். நூறு யார் தொலைவில் உள்ளவருக்குச் சொல் விளங்குவதில்லை.

கூம்பைக் கூரையின் மெல்லிய தகட்டில் பொருத்தாமல், மழைவாய்க்காலைப் பற்றிப் பிடிக்கும் குறுக்குச் சட்டத்தில் பொருத்த வேண்டும். காட்டுப் பாதையின் தாழ்ந்த கிளைகளை எண்ணி, வாய் முன்னோக்கிச் சற்றுக் கீழே சாய்ந்திருப்பது நலம். மழைநீரும் உள்ளே தங்காது. ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசுவோர் கூம்பின் வாய்க்குப் பின்னே, கண்ணாடிகளை ஏற்றிய அறைக்குள் இருந்தால் ஊளைச் சத்தம் எழாது. வெளியே சென்ற ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து சுற்றுவதே அந்த ஊளை.

மின்சாரத்தில் கஞ்சத்தனம் கூடாது. அறுபது வாட் ஒலிமிகைப்பி முழுவலுவில் ஓடினால் பன்னிரண்டு வோல்ற் பற்றறியிலிருந்து ஏறத்தாழ எட்டு அம்பியர் இழுக்கும். ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர் கம்பியில், போக ஐந்து மீற்றரும் வர ஐந்து மீற்றருமாக அதைக் கொண்டுசென்றால், ஒரு வோல்றுக்கு அண்மையான அளவு வழியிலேயே வீணாகும். நாலு சதுர மில்லிமீற்றர்க் கம்பி அந்த இழப்பை மூன்றிலொரு பங்கு அளவுக்குக் குறைத்துவிடும். உருகி பற்றறியின் அருகிலேயே இருக்க வேண்டும்; ஒலிமிகைப்பியின் அருகில் வைத்த உருகி ஒலிமிகைப்பியைக் காக்கலாம், வழியில் உரசித் தேய்ந்த கம்பியால் எழும் தீயிலிருந்து வண்டியைக் காவாது. தகட்டை ஊடுருவும் ஒவ்வொரு துளைக்கும் றப்பர் வளையம் இடுதல் வேண்டும். பெற்றோல் கலனும் மின்கருவிகளும் ஒரே அறையில் இருத்தல் எக்காரணத்தாலும் ஆகாது.

சட்டமும் ஒன்று உண்டு. ஒலிபெருக்கியைப் பொது இடத்தில் பயன்படுத்தப் பொலிசாரின் அனுமதி பெறுதல் வேண்டும். இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையே பொதுவாக அந்த அனுமதி வழங்கப்படலாகாது என்று 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் பணித்தது. வெள்ள எச்சரிக்கையும் வேடிக்கைப் பாட்டும் ஒன்றல்ல என்பதை விளக்க நீதிமன்றம் தேவையில்லை. வண்டிக்குள் அமர்ந்து கேட்போரின் செவியும் எண்ணத்தக்கது. மூடிய சிறிய அறையில் ஓசை விரைவில் எல்லை மீறும், எந்திர இரைச்சலை மேவும்படி ஓசையை ஏற்றிக்கொண்டே போவது சாரதிக்குப் பின்னால் வரும் பஸ்ஸின் ஊதுகுழலையும் மறைத்துவிடும்.

வேலை முடிந்ததும் வண்டியை உடனே உரியவரிடம் ஒப்படைத்துவிடலாகாது. சுமை முழுவதையும் ஏற்றி, நெளுக்குளத்திலிருந்து உள்ளே செல்லும் கிரவல் பாதை ஒன்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நாளடைவில் சில்லுகள் ஏறியிறங்கி அலையலையாக மடிந்துபோன அந்தப் பாதையைப்போல ஆணிகளைச் சோதிக்கும் கருவி வேறில்லை. ஒருவர் ஓட்ட, மற்றொருவர் பின்னே அமர்ந்து ஒவ்வொரு பலகையிலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். கை வைத்ததும் எந்தச் சத்தம் நிற்கிறதோ அங்கே றப்பர் குறைவு. நைலோன் செருகிய சுரைகள் எளிதில் தளரா. சாதாரணச் சுரைகள் முதல் நூறு மைலுக்குள் ஒரு சுற்றுக் கேட்கும். அவற்றை மீண்டும் முடுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் தீந்தையால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை எது நகர்ந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். அந்தக் கோடுகளை மாரிக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் பார்க்கும்படி உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, தச்சர் தம் அட்டைகளைச் சுருட்டி வைத்துக்கொள்வார். அதே வகை வண்டி இன்னொன்று வரும்போது அவை தேவைப்படும்.